மூன்று விண்ணப்பங்களும் ஒரு காசேடும்: வன்னி வணிக மாணவி ஒருவரின் உள்ளகப் பயிற்சித் தேடல்

இந்த நிகழ்வு ஆய்வில் வரும் மாணவி தனியொருவர் அல்லர். இலங்கையின் வடக்கே வன்னியிலிருந்து வணிகம் படிக்கும் பிள்ளைகளின் விண்ணப்பங்களிலும் நேர்முகப் பரீட்சைகளிலும் திரும்பத் திரும்ப வரும் தடங்கல்களை ஒருவர்மேல் ஏற்றி அமைத்திருக்கிறோம். ரூபாத் தொகைகள் விளக்கத்துக்காக வைத்தவை. வரி வீதங்களும் சட்டங்களும் உள்ளபடியே உள்ளன.

பின்னணி

மாணவி வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் நிதியும் கணக்கியலும் படிக்கிறார். சராசரிப் புள்ளி 3.24. அதாவது இரண்டாம் வகுப்புக் கீழ்நிலை, மேல்நிலைக்கு 3.30 வேண்டும். இறுதியாண்டில் ஆறு மாத உள்ளகப் பயிற்சிக்கு இடம் பிடிக்க வேண்டும். வீடு ஒட்டுசுட்டான் பக்கம். தகப்பனுக்கு முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே நாலு ஏக்கர் வயலும், லீசிங்கில் எடுத்த ஒரு லான்ட்மாஸ்டரும் (இரு சக்கர உழவு இயந்திரம்) உண்டு. தாய் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். தாய்க்கு எழுத்து வேலை சிரமம் என்பதால் சங்கத்தின் காசேட்டையும் (காசு வரவு செலவு எழுதும் ஏடு) சுழற்சிக் கடன் (உறுப்பினர் திருப்பிக் கட்டும் பணத்தையே அடுத்தவருக்குக் கடனாகக் கொடுப்பது) பதிவேட்டையும் 14 மாதமாக எழுதி வருவது மகள்தான். இந்தக் கடைசி விவரம் அவருடைய முதல் சுயவிபரக் கோவையில் ஒரு வரியாகக்கூட இருக்கவில்லை.

அந்தக் கோவை மூன்று பக்கம். முதற் பக்கத்தில் தகப்பன் பெயர், சமயம், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம். இரண்டாம் பக்கத்தில் சாதாரண தரப் பெறுபேறுகள் ஒன்பதும் அட்டவணையாக. மூன்றாம் பக்கத்தில் ‘கடின உழைப்பு, குழு உணர்வு, தலைமைத்துவம்’ என்ற பட்டியலும், மேற்கூறியவை உண்மை என்ற உறுதிமொழியும். பயிற்சி இடம் தருபவர் ஒரு கோவைக்குக் கொடுக்கும் முதல் பார்வை அரை நிமிடம் இருந்தாலே பெரிது. அந்த அரை நிமிடத்துக்குள் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்பது கண்ணில் படவே இல்லை.

முதற் சுற்று

மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தார்: கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனம், வவுனியா நகரில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளை, கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவு. மூன்றிலிருந்தும் அழைப்பு வந்தது. மூன்றும் கைநழுவின.

கணக்காய்வு நிறுவனத்தில் 45 நிமிட எழுத்துப் பரீட்சை. வங்கி இணக்கக் கூற்றுக்கு (காசேட்டு மீதியையும் வங்கிக் கூற்றின் மீதியையும் பொருத்திக் காட்டுவது) 40 புள்ளி, வழுத் திருத்தத்துக்கு 30, எக்செலுக்கு 30. முதல் வினாவில் மீதி பொருந்தவில்லை. பொருத்தியே தீருவது என்று அரை மணித்தியாலம் அதிலேயே போனது. எக்செல் வினாவைத் தொடக்கூட நேரமில்லை. 40 புள்ளிக்கு உரிய நேரம் 18 நிமிடம். பத்தொன்பதாவது நிமிடத்தில் பேனையைத் தூக்கி அடுத்த வினாவுக்குப் போயிருந்தால், முடிக்காத இணக்கக் கூற்றுக்கும் படிமுறைப் புள்ளி கிடைத்திருக்கும்.

நிதி நிறுவனத்தில் முகாமையாளர் இதமாகத்தான் தொடங்கினார். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னதும் மாணவி பெயர், ஊர், பாடசாலை, உயர்தரப் பெறுபேறு என்று கோவையை அப்படியே ஒப்புவித்தார். பிறகு முகாமையாளர் தமிழுக்கு மாறினார்.

“பிள்ளை, நெல்லுச் செய்யிற ஆக்கள் ஏன் லீசிங் தவணையைப் பிந்திக் கட்டுகினம்?”

“கடன் இடர் கூட, சேர். நிதி எழுத்தறிவும் குறைவு.”

“சரி.”

அத்தோடு அந்தக் கேள்வி முடிந்துபோனது. அந்த வீட்டு வாசலிலேயே லீசிங் லான்ட்மாஸ்டர் நிற்கிறது. தவணை பிந்திய மாதங்களில் சேகரிப்பாளர் வந்து நின்றதை அந்தப் பிள்ளை கண்ணால் கண்டிருக்கிறார். ஆனால் நேர்முகப் பரீட்சையில் புத்தகச் சொல்தான் மதிப்பு என்று யாரோ எப்போதோ மனதில் பதித்துவிட்டார்கள்.

தொழிற்சாலையின் நேர்முகம் சூமில் நடந்தது. வீட்டு முற்றத்தில் சிக்னல் இரண்டு தடவை அறுந்தது. நடுவில் ஒரு கணக்குக் கேட்டார்கள்: அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா, வேறு கொடுப்பனவோ கழிவோ இல்லை, கைக்கு எவ்வளவு வரும்? மாணவி 8, 12, 3 மூன்றையும் கூட்டி 23 வீதத்தைக் கழித்து 30,800 என்றார். விடை 36,800. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் கழிப்பது 8 வீதம் மட்டும், அதாவது 3,200 ரூபா. தொழில்தருநர் தன் பங்குக்கு 12 வீதம், 4,800 ரூபா போடுகிறார். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதம், 1,200 ரூபா, முழுக்கத் தொழில்தருநரின் செலவு. சம்பளத்தில் அது கழியாது. சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாலும் நம்பிக்கை நிதியம் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தாலும் வந்தவை. ஆக, அந்த ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஏற்படும் மாதச் செலவு 46,000 ரூபா. கைக்கு வருவது, நிதியங்களுக்குப் போவது, நிறுவனத்தின் மொத்தச் செலவு ஆகிய மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரை மனிதவளப் பிரிவு உடனே கவனிக்கும். மாணவருக்கு மூன்று வீதமும் நினைவில் இருக்கும், எது யாருடைய பொக்கற்றிலிருந்து போகிறது என்பதுதான் குழம்பும்.

எங்கே பிழைத்தது

மாணவி முயற்சியில் குறை வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ‘நேர்முகப் பரீட்சையில் கேட்கப்படும் ஐம்பது கேள்விகள்’ பிடிஎஃப்பை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தார். அதிலிருந்து வந்த கேள்வி ஒன்றே ஒன்று. மற்றவை வயல், தவணை, சம்பளச் சிட்டை, காசேடு பற்றியவை. எல்லாம் அவர் தினமும் புழங்கும் விடயங்கள்.

எமது கணிப்பு இதுதான்: வன்னி மாணவருக்கு அனுபவக் குறைவு என்பது பெரும்பாலும் சரியான நோயறிதல் இல்லை. அனுபவம் இருக்கிறது. அது எண்ணாகவும், காலமாகவும், இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய பதிவாகவும் மாறவில்லை. கொழும்பில் ஒரு மாணவர் மாமாவின் கடையில் இரண்டு மாதம் நின்றதை ‘விற்பனைப் பயிற்சி’ என்று தயக்கமில்லாமல் எழுதுகிறார். இங்கே 14 மாதம் சங்கக் கணக்கு எழுதியவர் அதை வீட்டு வேலை என்று நினைத்து விட்டுவிடுகிறார். இது எங்களை உண்மையிலேயே வருத்தும் விடயம், ஏனென்றால் இதைத் திருத்த ஒரு சதமும் செலவில்லை.

காசேட்டை வெளியே எடுத்தல்

திருத்தம் காசேட்டிலிருந்து தொடங்கியது. மாணவி சங்கத்தின் ஏடுகளை மேசையில் விரித்து, தான் செய்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண் எழுதினார். உறுப்பினர் 62 பேர். சுழற்சிக் கடனில் ஓடும் தொகை நாலு இலட்சம். எழுதிய காலம் 14 மாதம். வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டது மாதம் ஒரு தடவை. ஐந்தாவது மாதத்தில் காசேட்டுக்கும் கடன் பதிவேட்டுக்கும் இடையே 2,700 ரூபா வித்தியாசம் வந்து, தேடிப் பிடித்துத் திருத்தியிருக்கிறார்.

அந்த 2,700 ரூபா கதையே ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போதும். வித்தியாசம் ஒன்பதால் மிச்சமின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிப்பது கணக்காளர் வழக்கம். 2,700ஐ ஒன்பதால் வகுத்தால் 300. மாணவி ஏட்டைப் புரட்டியபோது ஓர் உறுப்பினர் திருப்பிக் கட்டிய 6,300 ரூபா பதிவேட்டில் 3,600 என்று கிடந்தது. ஒன்பது விதி அவருக்கு அப்போது தெரியாது; பற்றுச்சீட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தே கண்டுபிடித்தார். விதியைப் பிறகு படித்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது கேட்பவருக்கு இவர் ஏடு எழுதியவர் என்பது விளங்கிவிடும். (இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: வித்தியாசத்தின் சரிபாதித் தொகை ஏட்டில் எங்காவது கிடந்தால், அது பற்றுப் பக்கம் போகவேண்டியது வரவுப் பக்கம் போயிருக்கலாம், அல்லது மறுதலையாக.)

புதிய கோவையில் அந்த வரி இப்படி அமைந்தது: “62 உறுப்பினர் கொண்ட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளருக்கு உதவியாக 14 மாதம் காசேடும் கடன் பதிவேடும் எழுதினேன்; மாதந்தோறும் வங்கி இணக்கக் கூற்றுத் தயாரித்தேன்; 2,700 ரூபா பதிவு வழுவைக் கண்டறிந்து திருத்தினேன்.” ‘பொருளாளருக்கு உதவியாக’ என்ற சொல்லை விடக்கூடாது. பதவி தாயுடையது. அதை மறைத்து எழுதினால், ஒரு தொலைபேசி அழைப்பில் முழுக் கோவையும் நம்பிக்கை இழக்கும்.

பரிந்துரையாளர் இருவரும் உறவினராக இருக்கக்கூடாது. தாய் சரிவரமாட்டார். ஒருவர் பீட விரிவுரையாளர். மற்றவர் சங்கத் தலைவி, அல்லது சங்கத்தின் கணக்கைப் பார்த்துவரும் பிரதேச செயலகத்தின் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர். அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, எந்த நிறுவனம் அழைக்கலாம் என்றும் சொல்லி வைக்க வேண்டும். முன்னறிவித்தல் இல்லாத அழைப்புக்கு “யார் அந்தப் பிள்ளை?” என்று பதில் போனால் அவ்வளவுதான்.

மற்றவை சுருக்கமாக: கோவை ஒரு பக்கம், ஏ4, பிடிஎஃப். கோப்பின் பெயரில் மாணவர் பெயரும் விண்ணப்பிக்கும் பிரிவும். சாதாரண தரத்துக்கு ஒரு வரி. சமயம், அடையாள அட்டை இலக்கம், உறுதிமொழி வேண்டாம். சராசரிப் புள்ளி 3.00க்கு மேல் என்றால் எழுதலாம். கீழே என்றால் எழுதாமல் விட்டு, கேட்டால் சொல்ல நேர்மையான ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும். பல்கலைக்கழகப் பெயரை முழுதாக எழுத வேண்டும். 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகத் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். தெற்கில் சிலருக்கு இன்னும் பழைய பெயரே பழக்கம், எனவே பம்பைமடுவில் இருக்கும் அதே நிறுவனம்தான் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய கணக்குகள்

வணிக மாணவரிடம் கணக்குக் கேட்பது அவரை மடக்குவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். கேட்பவர் பார்க்க விரும்புவது வேறு: பேப்பரும் பேனையும் கொடுத்தால் இவர் எதிலிருந்து தொடங்குகிறார்? மாணவி மூன்று வாரம், நாளுக்கு ஒரு மணித்தியாலம், மணிக்கூடு வைத்துப் பயிற்சி செய்தவற்றில் முக்கியமானவை இவை.

வங்கி இணக்கக் கூற்று. காசேட்டு மீதி 84,500. வங்கி அறவிட்ட கட்டணம் 750, வாடிக்கையாளர் நேரடியாக வங்கியில் போட்ட 12,000, இரண்டும் காசேட்டில் இல்லை. சமர்ப்பிக்கப்படாத காசோலை (நாங்கள் எழுதிக் கொடுத்தும் இன்னும் வங்கிக்குப் போகாதது) 18,200. தேறாத வைப்பு (நாங்கள் வங்கியில் போட்டும் வங்கி இன்னும் கணக்கில் சேர்க்காதது) 9,600. முதலில் காசேட்டைத் திருத்த வேண்டும்: 84,500 இலிருந்து 750 கழித்து 12,000 கூட்ட 95,750. அதன் பிறகே கூற்று: 95,750உடன் 18,200 கூட்டி 9,600 கழிக்க 104,350. வங்கிக் கூற்றில் இருக்கவேண்டிய மீதி அது. பிழை வருவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: வங்கிக் கட்டணத்தையும் இணக்கக் கூற்றுக்குள் போட்டுவிடுவார்கள். வங்கிக்குத் தெரிந்து எங்கள் ஏட்டுக்குத் தெரியாதது காசேட்டுக்குப் போகும். ஏட்டுக்குத் தெரிந்து வங்கிக்கு இன்னும் தெரியாதது கூற்றுக்குப் போகும். முதற் சுற்றில் மாணவி தொலைத்த அரை மணித்தியாலம் இந்தப் பிரிப்பைச் செய்யாமல் தொடங்கியதன் விலை.

பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். வரி உட்பட 118,000 ரூபாப் பற்றுச்சீட்டில் வரி எவ்வளவு? 118,000இன் 18 வீதம் என்று 21,240 சொல்பவர்கள் ஏராளம். 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும்; வரி 18,000.

சமமட்ட வட்டி. நிதி நிறுவனம், வங்கி எதற்குப் போனாலும் இது தெரியாமல் போகக்கூடாது. ஐந்து இலட்சம் கடன், ஆண்டுக்கு 12 வீதம் சமமட்ட வட்டி, 24 மாதம். வட்டி 120,000, மொத்தம் 620,000, மாதத் தவணை 25,833. கடன் வாங்கியவர் ஒவ்வொரு மாதமும் முதலைக் குறைத்துக்கொண்டே வருகிறார், வட்டியோ தொடக்கத் தொகைக்கே ஓடுகிறது. அதனால் குறைந்து செல்லும் மீதி முறையில் பார்த்தால் இந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.6 வீதம். எக்செலில் ‘ரேட்’ சார்பில் 24, தவணை எதிர்மறையாக, 500000 என்று கொடுத்து வரும் மாத வீதத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். மாணவி முதன்முதலாக இதைப் போட்டுப் பார்த்தது தகப்பனின் லான்ட்மாஸ்டர் ஒப்பந்தத்துக்கு.

எக்செல். வி-லுக்அப் (பட்டியலில் ஒரு பெயரைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுக்கும் சார்பு) தெரியும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பரீட்சையில் வரும் தரவு வேண்டுமென்றே அழுக்காக இருக்கும். பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தால் வி-லுக்அப் ‘இல்லை’ என்று சொல்லும். ‘டிரிம்’ போட்டுத் துடைக்க வேண்டும். எண்கள் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் அவை எழுத்தாகக் கிடக்கலாம், கூட்டினால் பூச்சியம் வரும். வி-லுக்அப்பின் நாலாவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ அல்லது பூச்சியம் போடாமல் விட்டால் எக்செல் கிட்டடி விடையை எடுத்துத் தந்துவிடும். அது பிழை என்று எந்த அறிவிப்பும் வராது. மூன்றிலும் ஆபத்தானது இதுதான். சம்இஃப் (நிபந்தனைக்கு ஏற்பக் கூட்டுவது), பிவட் டேபிள் (தரவைச் சுருக்கி அட்டவணையாக்குவது) இரண்டும் கைவந்தால் பயிற்சியாளருக்கு முதல் மாதத்துக்குப் போதும்.

பேச்சும் மொழியும்

தன்னைப் பற்றிய விடைக்கு ஒன்றரை நிமிடம், ஆங்கிலத்தில் ஏறக்குறைய 150 சொற்கள். முதல் இரண்டு வாக்கியம் என்ன படிக்கிறார் என்பது. அடுத்த ஐந்தாறு வாக்கியம் சங்கக் கணக்கு, 2,700 ரூபா. கடைசி இரண்டு, இந்த நிறுவனத்தில் எந்தப் பிரிவில் என்ன பழக விரும்புகிறார் என்பது. எழுதிப் பாடமாக்கினால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் நின்றுவிடும். ஐந்து குறிப்புச் சொற்களை மட்டும் எழுதி, தொலைபேசியில் பதிவுசெய்து, வேறு வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவது நல்லது. தன் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அதைத் தாண்டியே ஆகவேண்டும்.

ஆங்கிலம் தடுமாறினால், நின்று, “ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்” என்று ஆங்கிலத்திலேயே சொல்லலாம். தவறில்லை. தெரியாத சொல்லைச் சுற்றிவளைக்காமல் எளிய சொல்லில் சொல்வதே தெளிவு. சிங்களத்தில் ஒரு கேள்வி வந்தால் வெட்கப்பட்டுச் சிரிப்பதைக் காட்டிலும், “மட்ட சிங்கள டிக்கக் புளுவன்” (எனக்குச் சிங்களம் கொஞ்சம் முடியும்) என்று சொல்லி, விடையை ஆங்கிலத்தில் தொடரலாம். வாடிக்கையாளரோடு பேசும் வேலையென்றால் சிங்களம் பழகத் தொடங்கிவிட்டேன் என்று சொல்வது நல்லது, உண்மையில் தொடங்கியிருந்தால் மட்டும்.

பெயர், பத்திரம், பயணம்

வன்னியில் இந்தப் பகுதியைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. போர்க்கால இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்து பிறகு மீள எடுத்த குடும்பங்கள் பல. பிறப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்துகள் மாறி என்று கிடப்பது சாதாரணம். நிறுவனம் கொடுப்பனவுக்கு வங்கிக் கணக்குக் கேட்கும்போதோ, பொலிஸ் சான்று கேட்கும்போதோ இது வெளியே வரும். எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைப்பது தற்காலிக வழி. பத்திரத்தையே திருத்துவதற்கு நாள் எடுக்கும். கிராம அலுவலர் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டும், எனவே அதையும் கடைசி நாளுக்கு விடக்கூடாது. மூலப் பத்திரங்களைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. கொடுப்பது பிரதிகளை மட்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்குக் காலை ஒன்பது மணி நேர்முகம் என்றால், மாங்குளம் வந்து ஏ9 வீதியைப் பிடிப்பதா, நெடுங்கேணி புளியங்குளம் பாதையா என்பதை முதல்நாளே தீர்மானிக்க வேண்டும். மழைக்காலத்தில் முதல்நாள் மாலையே வவுனியாவில் தங்கிவிடுவது நிம்மதி. கொழும்புக்கு இரவுப் பேருந்தில் போனால் விடியுமுன் புறக்கோட்டையில் இறக்கிவிடுவார்கள். குளித்து உடை மாற்ற ஓர் இடம், வெள்ளவத்தையில் தெரிந்த பிள்ளைகளின் போர்டிங் போல, முன்னரே பேசி வைக்காவிட்டால் கசங்கிய உடுப்போடு போய் நிற்க வேண்டிவரும். நேர்முக உடுப்பை மடிக்காமல் தனிப் பையில் கொண்டுபோகட்டும்.

சூம் என்றால் வீட்டு முற்றத்தை நம்பக்கூடாது. சிக்னல் உறுதியான இடத்தில், அதே நேரத்தில், முதல்நாள் ஒரு ஒத்திகை. தொலைபேசியை நெஞ்சுயரத்தில் ஏதாவது ஒன்றில் சாய்த்து வைத்து, வெளிச்சம் முகத்தில் விழ இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் சிம் போட்ட இன்னொரு தொலைபேசி பக்கத்தில் இருக்கட்டும். தொடங்கும்போதே “இணைப்பு அறுந்தால் இந்த எண்ணுக்கு அழைக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டால், அறுந்தாலும் அது மாணவரின் கவனக்குறைவாகத் தெரியாது.

இரண்டாம் சுற்று

ஐந்து வாரம் கழித்து மாணவி அதே நிதி நிறுவனத்தின் இன்னொரு கிளைக்கும், வேறொரு கணக்காய்வு நிறுவனத்துக்கும் விண்ணப்பித்தார். நிதி நிறுவனத்தில் கிட்டத்தட்ட அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை விடை இப்படிப் போனது:

“சேர், எங்கட பக்கம் காலபோகம் ஐப்பசி கார்த்திகையில விதைச்சு மாசி பங்குனியிலதான் வெட்டு. சிறுபோகம் குளத்துத் தண்ணியைப் பொறுத்தது. எத்தினை ஏக்கருக்கு எண்டு கூட்டத்தில முடிவெடுத்த பிறகுதான் தெரியும். வருமானம் வருசத்துக்கு ஒண்டு ரெண்டு தரம், தவணை மாசா மாசம். வெட்டின உடனயும் காசு வராது. நெல்லுச் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதன் கேக்கும். காய வைக்க இடமில்லாத ஆக்கள் பச்சையா தனியாருக்கு விலை குறைச்சுக் குடுப்பினம், இல்லாட்டி விலை ஏறுமெண்டு வைச்சிருப்பினம். ரெண்டிலயும் தவணை பிந்தும்.”

“அப்ப நாங்கள் என்ன செய்யலாம்?”

“கடன் குடுக்கேக்கையே வேற மாத வருமானம் இருக்கோ எண்டு பாக்கலாம் சேர், பால், கூலி, கடை. அது இல்லாத ஆக்களுக்கு அறுவடை மாசத்தில பெரிய தவணையும் மற்ற மாசத்தில சின்னத் தவணையுமா அமைக்கலாம். அப்பிடி அமைச்சா மொத்த வட்டி கொஞ்சம் கூடும், அதையும் அவைக்கு முதலே சொல்ல வேணும்.”

முகாமையாளர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, எந்த ஊர், எந்தக் குளம் என்று விசாரிக்கத் தொடங்கினார். கவனிக்க வேண்டிய இடம் கடைசி வாக்கியம்: நல்ல யோசனை சொன்ன கையோடு அதன் செலவையும் சொன்னது.

மாணவி கேட்ட கேள்விகள் இரண்டு: பயிற்சியாளர் எந்தெந்தப் பிரிவுகளில் எத்தனை வாரம் இருப்பார், வெளிக்களத்துக்குப் போக வேண்டுமானால் போக்குவரத்து யாருடைய பொறுப்பு. இரண்டாவதைக் கேட்கப் பெண் பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். சேகரிப்பு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் உள்ளூர் வீதிகளில் தனியே அனுப்புவார்களா என்பது சேருமுன் தெரிய வேண்டிய விடயம்.

கணக்காய்வு நிறுவனத்தில் எழுத்துப் பரீட்சை தேறி, காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். மாணவி நிதி நிறுவனத்தை ஏற்றார். இது எல்லாருக்கும் சரியான தெரிவு ஆகாது. பட்டயக் கணக்காளராக வர நினைப்பவர், இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அங்கீகரித்த பயிற்சி இடத்தில் செய்முறைக் காலத்தைக் கழிக்க வேண்டும்; கிளை அலுவலகத்தில் போன ஆறு மாதம் அதில் சேருமா என்பதைச் சேருமுன்பே எழுத்தில் கேட்டறிய வேண்டும். இந்த மாணவியின் நோக்கம் கடன் மதிப்பீடு, ஆகவே கிளை பொருந்தியது.

உள்ளே போன பிறகு

முதல் இரண்டு வாரம் கோப்பு அடுக்குதல், படிவம் நிரப்புதல், தரவு ஏற்றுதல்தான் கிடைக்கும். முகம் சுளிக்கத் தேவையில்லை. கோப்பு அடுக்கும்போதே ஒரு கடன் கோப்பில் என்னென்ன பத்திரம் எந்த ஒழுங்கில் இருக்கிறது என்று படிக்கலாம். மூன்றாவது வாரமும் அதுவே தொடர்ந்தால், “கடன் விண்ணப்பத்தின் முதற்கட்டச் சரிபார்ப்பை உங்கள் மேற்பார்வையில் செய்து பார்க்கலாமா?” என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். ‘வேறு வேலை தாருங்கள்’ என்ற பொதுவான கோரிக்கைக்கு மேற்பார்வையாளரிடம் விடை இராது.

பயிற்சிக் குறிப்பேட்டை அன்றன்றைக்கே எழுத வேண்டும், நாலு வரி போதும்: செய்த வேலை, எண்ணிக்கை, வந்த பிரச்சினை, கேட்டறிந்தது. வாரம் ஒருமுறை கையொப்பம். ஆறு மாதத்தைக் கடைசி வாரத்தில் இருந்து எழுதுபவர்களின் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் ‘தரவு உள்ளீடு செய்தேன்’ என்றே இருக்கும், வாய்மொழிப் பரீட்சையில் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இறுதி அறிக்கையில் பலர் அறியாமல் செய்யும் பெரிய தவறு, பின்னிணைப்பில் உண்மையான கடன் விண்ணப்பத்தின் பிரதியை வைப்பது. பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்தால் போதாது. ஊர், கிராம அலுவலர் பிரிவு, ஏக்கர் அளவு, வாகன இலக்கம் சேர்ந்தால் வன்னியில் அது யார் என்று ஊரே சொல்லிவிடும். மாணவி வெற்றுப் படிவத்தை எடுத்து, கற்பனை விவரங்களால் நிரப்பி, மேற்பார்வையாளரிடம் காட்டி, அவர் கையொப்பமிட்ட பிறகே அறிக்கையோடு சேர்த்தார்.